அடித்துவிட்ட ஒரு வரி

மழை பெய்கிற நாளில் மாவு பிசைந்து பொரிக்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. தலைநகரிலும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, ஆறினால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். தட்டச்சு செய்கிற அம்மாவுக்கும் இரண்டு கொடுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம். வெறும் வயிற்றோடு கேட்க வேண்டாம்.

என் பெயர் நெலிதா உர்த்தாசுன். ஐம்பத்தேழு வயது. சதுக்கத்தின் தெற்குப் பக்கம் இருக்கும் கம்பளி நூல் கடை என்னுடையது. கணவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அது இயற்கையான மரணம். இன்று காலையிலிருந்து எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பதால் சொல்லி வைக்கிறேன். யாரும் என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு இழுத்து வரவில்லை. நானேதான் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு நூலகத்தின் பின்னறையில் கதை எழுதுகிறவர்கள் கூடுவோம். நூலகர் ஸுலேமா, முடிதிருத்துகிற அன்செல்மோ, நான், இன்னும் மூன்று நான்கு பேர். மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவை கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் உறிஞ்சுவார்கள். எங்கள் எல்லோருக்கும் மேலே ஒலெகாரியோ இருந்தார். ரயில் நிலையத்தில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். ரயில் நின்றுபோனதும் கதை எழுத ஆரம்பித்தார். மாகாணப் பரிசு இரண்டு தடவை வாங்கினார். நல்ல மனிதர். இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே நல்ல மனிதர். சிரித்த முகம், உரத்த குரல், யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு கட்டு கீரை.

போன வருடம் மே மாதம் நான் ஒரு கதை வாசித்தேன். குரைக்கிற நாய்க்கு விஷம் வைக்கிற ஒரு விதவையின் கதை. பதினோரு பக்கம். அவள் ஏன் வைத்தாள், எதில் வைத்தாள், வைத்த பிறகு என்ன நினைத்தாள், எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். வாசித்து முடித்ததும் ஸுலேமா, "பாவம் அந்த நாய்" என்றாள். ஒலெகாரியோ மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நெலிதா, உன் கதை பெருக்கித் துடைச்ச வீடு மாதிரி இருக்கு" என்றார்.

நான் நன்றி சொன்னேன்.

"பாராட்டுன்னு நினைச்சுக்காதே. கட்டிலுக்கு அடியில கூடத் துடைச்சு வெச்சிருக்கே. ஒரு ஆள் ஒளிஞ்சுக்க இடமில்லை. கதைன்னா எங்கேயாவது ஒரு மூலை இருட்டா இருக்கணும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்மோவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன், எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் அதோடு விடவில்லை. குத்திக் காட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். கற்றுக்கொடுப்பதில் கஞ்சத்தனம் கிடையாது. கரும்பலகைக்குப் போய் எழுதிக் காட்டினார். "‘அவன் அவளை அனுப்பி வைத்தான்.’ எங்கே அனுப்பினான்? பேருந்துக்கா, பரலோகத்துக்கா? சொல்லாதே. ரெண்டு முகம் உள்ள சொல்லாப் பார்த்து எடு. எடுத்த சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லு. ஒரு தடவை சொன்னா அது தகவல். மூணாவது தடவை சொன்னா சந்தேகம். ஏழாவது தடவை சொன்னேன்னு வெச்சுக்கோ, தீர்ப்பு. ஆனா நீ எதையுமே சொல்லியிருக்க மாட்டே. எல்லாத்தையும் படிக்கிறவனே சொல்லிக்குவான்."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

அவருடைய மனைவி மிர்த்தா என் கடைக்கு அடிக்கடி வருவாள். ஜூலை மாதம் ஒரு மத்தியானம் வந்தாள், நூல் வாங்கவில்லை. கைப்பிடி தேய்ந்த ஒரு பெட்டியையும் ஒரு பச்சைக் குடையையும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நெலிதா, உன் வண்டியில என்னைப் பக்கத்து ஊர்ப் படகுத்துறை வரைக்கும் கொண்டு விடுறியா? அக்கரைக்குப் போறேன். சித்தப்பா பொண்ணு தையல்கூடம் வெச்சிருக்கா."

"எப்போ திரும்புவே?"

"திரும்பறதா இல்லை. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு கதையையும் மூணு தடவை வாசிச்சுக் காட்டுறார். முதல் தடவை நல்லா இருக்கும்மா. ரெண்டாவது தடவை தலையாட்டலாம். மூணாவது தடவை நான் மனுஷியா, செவுரான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது."

"அவர்கிட்டச் சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொன்னா பேசியே உட்கார வெச்சுடுவார். கடுதாசி எழுதி வெச்சா அதுல பிழை திருத்துவார். ஒரு வாரம் கழிச்சு நீ சொல்லிடு. நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டேன், கோபம் ஒண்ணும் இல்லை, தேட வேண்டாம்னு சொல்லு. உன் வாய்லேர்ந்து வந்தா அவருக்கும் கௌரவமா இருக்கும்."

வண்டியில் போகிற வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டே வந்தாள். படகு கிளம்பியதும் அக்கரைக் காற்றில் முடி பறக்க எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு பெண் சந்தோஷமாகப் போவதைப் பார்ப்பது எவ்வளவு அபூர்வம்.

ஒரு வாரம் கழித்து, சொன்ன சொல் தவறாமல், அவர் வீட்டுக்குப் போனேன். இதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்தார், சவரம் செய்யாத முகம், ஆனாலும் அதே சிரிப்பு.

"மிர்த்தா தலைநகருக்குப் போயிருக்கா, அக்கா வீட்டுக்கு" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தில் சொல்கிற பொய். எனக்கு உண்மை தெரியும் என்று காட்டி ஒரு ஆண்பிள்ளையை அவர் வீட்டு வாசலிலேயே தலைகுனிய வைக்கலாமா? எனக்கு மனம் வரவில்லை. தாட்சண்யம் பார்த்தேன். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது அவர், "ஊர்ப் பத்திரிகைப் போட்டிக்கு நீயும் கதை அனுப்பப் போறியாமே? அனுப்பு, அனுப்பு. நடுவருங்களுக்கும் கண் அசர ஒரு கதை வேணுமில்ல" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்தேன்.

வசந்தம் வந்தது. மிர்த்தா இருந்தவரை கொல்லைப்புறம் துணி காயப்போடுகிற இடம். இப்போது அவர் கயிறுகளை அவிழ்த்துவிட்டு மொத்த நிலத்தையும் கொத்தினார். ஆழமாகக் கொத்தினார், தக்காளிக்கு அப்படித்தான் வேண்டும். தினமும் மாலை வாளியோடு நின்று தண்ணீர் ஊற்றுவார். என் மாடி ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும்.

நான் கதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்றே பக்கம். ஒரு மனிதர், அவர் மனைவி, ஒரு தோட்டம். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ‘காலையில் அவளை வழியனுப்பினார்’ என்று முதலில் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தேன். வழி என்ற சொல் இருந்தால் பாதை தெரிந்துவிடுகிறது; பாதை தெரிந்தால் அவள் அதில் நடந்து போய்விடுவாள். அதனால் வழியை எடுத்துவிட்டு, ‘அனுப்பிவிட்டார்’ என்று மாற்றினேன். ‘பிறகு தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினார்.’ அடுத்த வீட்டுக்காரி விசாரிக்கிறாள். ‘நல்லபடியாக அனுப்பிவிட்டேன்’ என்கிறார். பிறகு தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் கேட்கிறார். ‘அவள் நிம்மதியாக இருக்கிறாள்’ என்கிறார். பிறகு தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினார்.

ஏழு தடவை. இரண்டாவது தடவை எழுதும்போது அது எனக்கு வெறும் வாக்கியமாகத்தான் இருந்தது. நான்காவது தடவையில் என் கை மயிர் சிலிர்த்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, அதே ஐந்து சொற்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த மண்ணுக்கு அடியில் ஏதோ பெருத்துக்கொண்டே போனது. எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று ஒலெகாரியோ சொல்லியிருந்தார். வாய்த்தது.

முதல் பிரதியில் ஒரு வரி இருந்தது. ‘மத்தியானம் அவள் படகிலிருந்து கையசைத்தாள்.’ நல்ல வரி. ஆனால் அதைப் படித்ததும் கதை செத்துவிடுகிறது, எல்லாம் வெளிச்சமாகிவிடுகிறது, திரும்பவும் பெருக்கித் துடைத்த வீடு. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் அடித்துவிட்டேன். வேறு எந்த எழுத்தாளராக இருந்தாலும் அடித்திருப்பார்.

முதல் பரிசு கிடைத்தது. ஒலெகாரியோவுக்கு மூன்றாவது. நவம்பர் மாதம் பத்திரிகையின் நடுப்பக்கத்தில், என் புகைப்படத்தோடு வந்தது. அன்று காலை என் கடையில் நிற்க இடமில்லை. நூல் வாங்க வந்தவர்கள் இல்லை, பேச வந்தவர்கள்.

"ஏன் நெலிதா, அந்தாளு யாரு?"

"கதைதானே" என்றேன்.

"கதைதான். எங்களுக்குத் தெரியாதா" என்றாள் ரொட்டிக்கடைக்காரி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே. "மிர்த்தாவோட அக்கா போன வாரம் என் கடைக்கு ஃபோன் பண்ணினா. தங்கச்சி எப்படி இருக்கான்னு என்கிட்டக் கேக்கறா. அங்கேதானே இருக்கான்னு நான் அவகிட்டக் கேக்கறேன். ரெண்டு பேரும் வாயடைச்சுப் போய் நிக்கறோம்."

"போன வாரம் எனக்கும் ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து கொடுத்தாரே" என்றாள் இன்னொருத்தி.

"ஏன் அவ்வளவு சிவப்புன்னு இப்போ தெரியுதா?"

அவர்கள் சிரித்தார்கள். நான் நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் அன்செல்மோ ஒலெகாரியோவுக்கு முடி வெட்ட நேரமில்லை என்றான். காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே சொன்னானாம். அவர் கொடுக்கிற கீரையை வாங்கிக்கொண்டு தெருமுனையில் எறிந்தார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அவர் வந்தபோது யாரும் குடுவையை அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் புரியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பரில் ஸுலேமா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உண்மையைச் சொல்லு நெலிதா. மிர்த்தா உன் சிநேகிதி. உனக்கு ஏதாவது தகவல் உண்டா?"

அன்று காலைதான் மிர்த்தாவின் இரண்டாவது அஞ்சலட்டை வந்திருந்தது. என் மேலங்கிப் பையில் இருந்தது. விரலால் தொட்டுக்கொண்டே நின்றேன். முதல் அட்டையில் அவள் எழுதியிருந்த சொற்கள் எனக்கு மனப்பாடம். அதைத்தான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"மிர்த்தா போய்ச் சேர்ந்துட்டா, ஸுலேமா. நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டா."

சொல்லும்போது குரல் கொஞ்சம் தழைந்தது. எனக்கு அன்று ஜலதோஷம். ஸுலேமா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் சிலுவை போட்டுக்கொண்டதற்கு நான் என்ன செய்ய முடியும். அழுகிறவளைத் தட்டிக்கொடுத்தேன். அன்றைக்கே அவள் இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்தாள்.

ஜனவரி முதல் வாரத்தில் தோட்டத்தைத் தோண்டினார்கள். இரண்டு நாள் வேலை. ஊரே மடக்கு நாற்காலிகளோடு வந்துவிட்டது. வெந்நீர்க் குடுவை, மாத்தே, தலைக்குத் தொப்பி. ஆற்றுத் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஒலெகாரியோ சுவரோரம் இரண்டு காவலர்களுக்கு நடுவில் நின்றார்.

"செடியையாவது பார்த்துப் பிடுங்குங்கப்பா, வேர் அறுந்துடப் போகுது" என்றார்.

"வேர் கீழே வேற ஏதாவது இருக்கா தாத்தா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

ஒரு மாட்டுத் தொடை எலும்பும், பழைய கட்டிலின் இரும்புக் காலும் கிடைத்தன. ஆனால் அக்கா வீட்டுக்குப் போனாள் என்று சொன்னது பொய் என்று நிரூபணமாகிவிட்டதே. இதே கட்டடத்தில், உங்களுக்குப் பின்னால் இருக்கிற கதவுக்கு அந்தப் பக்கம் அவரை அடைத்தார்கள். ஜனவரியில் நீதிமன்றம் விடுமுறை. நீதிபதி கடற்கரையில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒலெகாரியோவின் இதயம் நின்றுவிட்டது. வெயிலும் அதிகம் அன்று.

அடக்கத்துக்கு ஏழு பேர்தான் போனோம். நான் போனேன். மறுநாள் காலை முதல் படகில் மிர்த்தா வந்து இறங்கினாள். அக்கரைப் பத்திரிகையில் செய்தி பார்த்திருக்கிறாள். சதுக்கத்தின் குறுக்கே அவள் நடந்து வந்தபோது ரொட்டிக்கடைக்காரி கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். மிர்த்தா யாரையும் பார்க்கவில்லை. நேரே என் கடைக்கு வந்தாள்.

"நான் சொல்லச் சொன்னதை அவர்கிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள்.

இரண்டு முகம் உள்ள ஒரு பதிலைத் தேடினேன். கிடைக்கவில்லை. "இல்லை" என்றேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். நூல் கண்டுகள் அடுக்கிய பலகைமேல் சாய்ந்து நின்று ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் ஐயா, அவர் இறந்ததை விசாரிக்கத் தலைநகரிலிருந்து உங்களை அனுப்பினார்கள்.

நான் எழுதியதில் எந்த வாக்கியம் பொய் என்று கேளுங்கள், ஒன்றும் இல்லை. அவர் தண்ணீர் ஊற்றினார், அது உண்மை. அனுப்பி வைத்தேன் என்று அவரே சொன்னார், அதுவும் உண்மை. மண்ணுக்கு அடியில் மிர்த்தாவைப் புதைத்தது நான் இல்லை, படித்தவர்கள். ஆயிரத்து இருநூறு பிரதி விற்றது. அத்தனை பேரையும் இந்த அறையில் உட்கார வைக்க உங்களிடம் நாற்காலி இருக்கிறதா?

கேட்கிறீர்கள், அடைத்து வைத்திருந்த நாட்களில் அவரைப் பார்த்தேனா என்று. ஒரு தடவை பார்த்தேன். ஆறாம் நாள். பால்மிட்டாய் வைத்த பணியாரம் வாங்கிக்கொண்டு போனேன். உதடு வீங்கியிருந்தது, யாரோ அடித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெண்கள் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம் அவருக்கு.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கப் போயிருந்தேன். "என் கதையை வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். இங்கே ஒரு பிரதி கிடக்கு. மூணு தடவை வாசிச்சேன்."

"எப்படி இருந்தது?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த அறையில் வேறு கவலையே இல்லாதவர் மாதிரி யோசித்தார்.

"நல்ல கதை நெலிதா. தண்ணி ஊத்துற வரி இருக்கே, அதை நான் எழுதியிருந்தா நாலு தடவையோட பயந்துபோய் நிறுத்தியிருப்பேன். ஏழு வரைக்கும் போக உனக்குத் தைரியம் இருந்திருக்கு. நம்ம கூட்டத்துல யாரும் இப்படி எழுதினதில்லை. நான்கூட."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கதையில அந்தப் பொண்ணு பச்சைக் குடையை எடுத்துக்கிட்டுப் போறா. மிர்த்தாவோட பச்சைக் குடை காணாமப் போனதை நான் யார்கிட்டயும் சொல்லலை. நீ அவளைப் பார்த்திருக்கே. அவ உசுரோட இருக்காளே, அது போதும் எனக்கு. இப்போ வெளியில போனதும் இவங்ககிட்டச் சொல்லிடும்மா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நெஞ்சு ஒரு மாதிரி வலிக்குது."

நான் பணியாரத்தைக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் காவலர் வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். வீடு வரைக்கும் அவர் சொன்னதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். நம்ம கூட்டத்துல யாரும் இப்படி எழுதினதில்லை. நான்கூட. நம்ம கூட்டத்துல யாரும் இப்படி எழுதினதில்லை. நான்கூட. ரொட்டிக்கடையில் எனக்கே ஒரு கேக் வாங்கிக்கொண்டேன்.

அவர் தாழ்ந்த குரலில் சொன்ன மீதி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் இங்கே சொல்ல நினைத்து வந்தேன். ஆனால் இப்போது உங்களுக்கு ஒரு எழுத்து விடாமல் சொல்லிவிட்டேனே. கேட்டது ஐயா. எல்லாமே கேட்டது. அதற்குப் பிறகு அவர் மூன்று நாள் உயிரோடு இருந்தார். இந்த வாசல் என் கடையிலிருந்து இருநூறு அடி. அந்த மூன்று நாளும் இருந்த மாதிரி என் வாழ்க்கையில் நான் வேறு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.